நோயின் பெயரும் பூச்சியின் ஊரும்



வேளாண்மைக்கு அறிவியல் செய்த உதவி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் குட்டை ரக நெல்லில் தொடங்கி, உரத்துக்குப் போய், நீர் மேலாண்மையில் முடிப்பார்கள். அதையெல்லாம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒரு வேலையைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். வயலில் ஒரு பூச்சியோ தொழுவத்தில் ஒரு நோயோ வந்து நிற்கும்போது, இது எது, எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சரியான விடை சொல்லும் வேலை. பயிர்ப் பாதுகாப்பிலும் கால்நடை மருத்துவத்திலும் நாம் கண்ட பெரிய வெற்றிகள் பல அங்கேதான் தொடங்கின என்பது என் கட்சி. அந்த விடையைச் சொல்லக்கூடிய ஆட்களை வளர்க்காமல் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் புகார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு 2008 முதல் 2010 வரையிலான காலம் மறந்திருக்காது. முதலில் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் பார்த்தார்கள். இலைக்கு அடியிலும் காம்பிலும் காயின் மேலும் வெள்ளையாக மாவு அப்பிக் கிடந்தது. அது கழித்த இனிப்புத் திரவத்துக்கு எறும்பு மொய்த்தது. திரவம் வழிந்த இலையிலெல்லாம் கரும்பூசணம் படிந்தது. பிறகு அது மல்பெரிக்குப் போனது. மரவள்ளி, பருத்தி, கொய்யா, துவரை, காட்டாமணக்கு, வாசலில் நிற்கும் செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வேலியோரத்துப் பார்த்தீனியத்திலும் குடியிருந்தது. அதனால் தோட்டத்துக்குள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வேலியிலிருந்து திரும்பி வந்தது.

மருந்து அடித்தார்கள். டேங்க் டேங்காக அடித்தார்கள். மாவுப்பூச்சியின் உடம்பில் இருப்பது மெழுகு. தெளித்த மருந்து அதன் மேல் ஒட்டாமல் உருண்டுவிடும். முட்டைகள் மெழுகுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்தில் செத்தவை பெரும்பாலும் அந்த மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பூச்சிகள்தான். மல்பெரி போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். மருந்து பட்ட இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. அடித்தால் புழு போகும், அடிக்காவிட்டால் இலை போகும். சிலர் செடியையே பிடுங்கிப் போட்டார்கள்.

உள்ளூர் எதிரிகள் இல்லாமல் இல்லை. ஸ்பால்ஜிஸ் என்றொரு சிறிய பட்டாம்பூச்சி நம் ஊரில் உண்டு. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத் தின்னும். அதன் கூட்டுப்புழுவை முன்னாலிருந்து பார்த்தால் அசல் குரங்கு முகம். மாணவர்கள் ஒருமுறையாவது தேடிப் பாருங்கள், பாடப்புத்தகத்தில் வராத சந்தோஷம் அது. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டையும் வளர்த்து விட்டார்கள். இரண்டும் தின்றன, ஆனால் பூச்சி பெருகிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் வட மாநிலங்களில் பருத்தியில் வேறொரு மாவுப்பூச்சி பெரும் சேதம் செய்துகொண்டிருந்தது. அதுதான் இங்கும் வந்துவிட்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. கண்ணுக்கு எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றுதானே? இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கோவையில் இருந்த பூச்சியை ஆல்கஹாலில் போட்டால் உடம்பு நீலங்கறுத்துப் போகும். ஆனால் அது குறிப்புத்தான், சான்று ஆகாது. சான்று வேண்டுமென்றால் பூச்சியைக் காரக் கரைசலில் வேகவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்றி, தோலை மட்டும் எடுத்துச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழ் அதன் மேல்தோலில் உள்ள நுண்குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இந்த இனத்தில் ஒருவகைக் குழாய்கள் முதுகின் விளிம்போரத்தில் மட்டுமே இருக்கும். பின்னங்காலில் நுண்துளைகள் இருக்காது. அப்படிப் பார்த்தபோது தெரிந்தது, இது பராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், பப்பாளி மாவுப்பூச்சி என்று. வர்ஜீனியாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ரங்கசாமி முனியப்பனும் அவருடைய கூட்டாளிகளும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் இது வந்துவிட்டதை 2008இலேயே அறிவித்தார்கள்.

பெயர் தெரிந்ததும் ஊர் தெரிந்தது. பூர்வீகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அங்கே இதை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. தின்று அடக்கி வைக்கும் எதிரிகள் கூடவே இருந்ததால் அது அங்கே பீடையாகவே இல்லை. 1990களில் கரீபியத் தீவுகளுக்கும் 1998இல் ஃபுளோரிடாவுக்கும் போனபோதுதான் ஆட்டம் போட்டது. அமெரிக்க வேளாண் துறையினர் மெக்சிகோவுக்குத் திரும்பிப் போய், அதன் மேல் முட்டையிடும் நுண்குளவிகளைச் சேகரித்து, போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்து வைத்திருந்தார்கள். பசிபிக் தீவான குவாமிலும் பலாவிலும் அவற்றை விட்டு வெற்றியும் கண்டிருந்தார்கள்.

ஆகவே நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் அப்போது தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் செயலகம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்தார்கள். வெளியிலிருந்து உயிருள்ள ஒன்றைக் கொண்டுவந்து விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் பல. நம் பட்டுப்புழுவைத் தொடுமா? அரக்குப் பூச்சியைத் தொடுமா? இதன் உடலுக்குள்ளேயே இன்னொரு ஒட்டுண்ணி ஒளிந்து வருகிறதா? இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகு அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து குளவிகளை வயலில் விடத் தொடங்கினார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் குளவியை வளர்த்து, சிறு குப்பிகளில் விவசாயிகள் கையில் கொடுத்தார்கள்.

மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிந்த புழு அதைத் தின்று முடித்து, வெற்றுக்கூட்டில் ஓட்டை போட்டு, வளர்ந்த குளவியாக வெளியே வரும். ஒருமுறை விட்டால் அடுத்த தோட்டத்துக்கு அதுவே பறந்து போகும். விட்ட சில மாதங்களில் பப்பாளியும் மல்பெரியும் துளிர்த்தன. அமெரிக்க ஆய்வாளர்களும் நம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் ஓராண்டில் மட்டும் கிடைத்த பயன் 12 கோடி டாலரிலிருந்து 31 கோடி டாலருக்குள். ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் 52 கோடியிலிருந்து 134 கோடி டாலர் வரை. இரண்டு எண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். கீழ்க்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, ஒரு சிறு குப்பியில் வந்த உயிருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்தக் கதையில் இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். டக்ளஸ் வில்லியம்ஸ். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மாவுப்பூச்சிகளைத் தகட்டில் ஒட்டிப் பார்த்து, படம் வரைந்து, பெயரிடுவதே அவர் வாழ்நாள் வேலை. 1992இல் அர்ஜென்டினாவின் கிரனாரா டி வில்லிங்க் என்ற அம்மையாரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில்தான் பப்பாளி மாவுப்பூச்சிக்கு முதன்முதலில் பெயர் வைக்கப்பட்டது. அப்போது அது எந்த நாட்டிலும் பீடை இல்லை. எந்த விவசாயியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் இந்த வேலைக்குச் சம்பளம் என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. பதினாறு ஆண்டு கழித்து கோயம்புத்தூர் அந்தப் பதிலைச் சொன்னது.

வில்லியம்ஸின் கை அதற்கு முன்பே ஒரு கண்டத்தின் சோற்றைக் காப்பாற்றியிருந்தது. 1973 வாக்கில் மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இரு கரையிலும், கின்ஷாசா, பிராசவில் நகரங்களைச் சுற்றி, மரவள்ளியின் நுனிக்குருத்து சுருண்டு, கணுக்கள் குறுகி, செடி கட்டையாக நின்றுவிட்டது. காரணம் ஒரு மாவுப்பூச்சி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த விதைக்குச்சியோடு அது வந்திருக்க வேண்டும். மரவள்ளி அங்கே பல கோடிப் பேருக்கு அன்றாட உணவு. இலையைக் கீரையாகவும் கிழங்கை மாவாகவும் தின்பவர்கள் அவர்கள். சில இடங்களில் விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் போனது. இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. ஒரு பெண் ஒரு செடிக்கு வந்துசேர்ந்தால் போதும், அங்கே ஒரு குடும்பம் தொடங்கிவிடும். அது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியது.

பாரிஸ் அருங்காட்சியகத்தின் மாத்தில்-ஃபெரெரோ அம்மையார் 1977இல் இதற்கு ஃபீனகாக்கஸ் மணிஹோட்டி என்று பெயர் வைத்தார். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர், ஆகவே பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடல் தொடங்கியது. தென்னமெரிக்காவின் வட பகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சியும் கிடைத்தது, அதன் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. கொண்டுபோய் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் காட்டினால் அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏன் என்று லண்டனில் விளக்கம் கிடைத்தது. ஜெனிஃபர் காக்ஸும் நம் வில்லியம்ஸும் இரண்டையும் தகட்டில் ஒட்டிப் பார்த்து, இவை ஒரே இனம் இல்லை, இரண்டு இனம் என்று 1981இல் எழுதினார்கள். வடக்கே கிடைத்தது வேறு பூச்சி. அப்படியானால் தேட வேண்டிய இடமும் வேறு.

அதே 1981இல் கொலம்பியாவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் டோனி பெல்லோட்டி, பராகுவே நாட்டில் அசல் பூச்சியைக் கண்டார். அதோடு அதன் குளவியும் இருந்தது. அனாகிரஸ் லோபெசி என்று இன்று அழைக்கப்படும் அந்தக் குளவிக்கு அர்ஜென்டினாவின் டி சாந்திஸ் 1964லேயே பெயர் வைத்து விட்டிருந்தார். லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்து, நைஜீரியாவில் இபாடானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மைக்கான பன்னாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ்காரர் முப்பது வயதைக் கடந்த இளைஞராக இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். விமானத்திலிருந்துகூடக் குளவியை விட்டார்கள். கண்டம் முழுக்கப் பரவியது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு. செலவிட்ட ஒரு டாலருக்கு 149 டாலர் பயன் என்று 1988இல் ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. பரிசுப் பட்டியல்களில் காக்ஸும் வில்லியம்ஸும் வருவதில்லை, அது வழக்கம்தான்.

அடையாளம் தப்பினால் நஷ்டம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை தப்பியதால் நமக்கு லாபமே வந்திருக்கிறது, வேடிக்கையான லாபம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. மெக்சிகோவில் கள்ளியின் மேல் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் அது, ஸ்பானியர்களின் ஏகபோகம். சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டுக் காத்திருந்தார். 1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது சாயப்பூச்சியின் தங்கச்சி முறை, சாயம் மட்டமானது. வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பூச்சி நாட்டில் மண்டிக் கிடந்த கள்ளியில் ஒருவகையைத் தின்று தீர்க்க ஆரம்பித்தது. இதைக் கவனித்தவர்கள் 1830களில் வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையை அழித்த முதல் வெற்றி உலகிலேயே இதுதான் என்று களையியல் நூல்கள் எழுதுகின்றன.

இந்தப் பூச்சி நம் தென் மாவட்டச் சப்பாத்திக்கள்ளியைத் தொடவில்லை. அது வேறு இனக் கள்ளி. ஊரைச் சுற்றி வேலியாக வைத்தது, பிறகு புறம்போக்கையும் பாதையையும் அடைத்துக்கொண்டு பாம்புக்கும் பன்றிக்கும் வீடாக நின்றது. அதற்கு உரிய இன்னொரு கொச்சினீல் இனத்தை இலங்கை வழியாக 1926இல் கொண்டுவந்த பிறகுதான் அது அடங்கியது. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பூச்சி, இரண்டு கள்ளி. எதற்கு எது என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பூச்சியை விட்டுத் தொழுவத்துக்கு வருவோம். இளைஞர்களுக்கு வெக்கை நோய் என்ற பெயரே தெரிந்திருக்காது, அது அவர்கள் செய்த பாக்கியம். மாடு காய்ச்சலில் கொதிக்கும். கண்ணிலும் மூக்கிலும் வடியும். வாய் புண்ணாகும். பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. ஒரு மாடு விழுந்தால் ஊர் மந்தையே விழும். 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் இது நுழைந்தபோது, எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பெரும் பஞ்சம் வந்தது.

நம் நாட்டில் கால்நடை ஆராய்ச்சி பிறந்ததற்கே இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். 1889இல் புனேயில் தொடங்கி, சில ஆண்டுகளில் இமயமலையில் உள்ள முக்தேஸ்வருக்கு மாறிய ஆய்வகம்தான் இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். 1897இல் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் அங்கே வந்து போனார். 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை வெள்ளாட்டில் திரும்பத் திரும்ப ஏற்றி, மாட்டைக் கொல்லும் வேகத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக்கினார். நம் இராணிப்பேட்டையில் 1932இல் ஒரு நிறுவனம் தொடங்கியதும் வெக்கைக்கு எதிரான சீரம் தயாரிக்கத்தான். அதன் பிறகு 1960 வாக்கில் கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளோரைட், கன்றின் சிறுநீரகச் செல்களில் கிருமியை வளர்த்துத் தடுப்பூசி செய்தார். ஒரே ஊசியில் வாழ்நாள் காப்பு. எந்த இன மாட்டுக்கும் போடலாம். 1999இன் உலக உணவுப் பரிசு அவருக்கு.

இந்தியா 1954லேயே ஒழிப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. கோடிக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஊசி நல்ல ஊசிதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கடைசிக் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தென்னிந்தியாவில் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வெக்கை வருகிறது என்று பதிவுகள் இருந்தன. ஆட்டில் நோய் அவ்வளவு கடுமையாகத் தெரியாமலும் இருக்கும், மாட்டுக்குக் கொடுக்கவும் செய்யும். 1987இல் இலங்கைக்கு, நாற்பது ஆண்டு இல்லாதிருந்த வெக்கை திரும்பப் போனது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகளோடு அது போனது என்று கால்நடை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

அதே 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் ஆடுகள் விழுந்தன. பார்த்தால் வெக்கை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் கிருமியைப் பிரித்துச் சோதித்தார்கள். அது வெக்கைக் கிருமி இல்லை, அதன் நெருங்கிய உறவு. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது உறுதியானது அதுவே முதல் முறை. முடிவு 1989இல் வெளியானது.

இது வெறும் பெயர் திருத்தம் என்று நினைத்தால், ஒரு கால்நடை உதவி மருத்துவரின் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஆடு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் வெக்கை என்று எழுதிக்கொண்டே போனால், வெக்கை ஒழிந்தது என்று நாடு எந்த நாளும் அறிவிக்க முடியாது. இரண்டையும் பிரித்த பிறகுதான் கணக்கு சுத்தமானது. மாட்டில் எங்கே வெக்கை, ஆட்டில் எங்கே கொல்லி என்று தனித்தனியே தேட முடிந்தது. கடைசிக் கட்டத்தில் வேலையே தலைகீழானது. ஊசி போடுவதை நிறுத்தினார்கள். ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் ஒரே எதிர்ப்பொருள் இருக்கும், ஆகவே ஊசியை நிறுத்தாமல் நோய் இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அறுபது எழுபது ஆண்டு ஊசி போட்டுப் பழகிய துறைக்கு அதை நிறுத்துவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய், சந்தை சந்தையாக நின்று, வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்ட மாடு உண்டா என்று விசாரித்தார்கள்.

இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் நம் தமிழ்நாட்டில்தான், வட ஆர்க்காட்டு வட்டாரத்தில், பதிவானது. உலகில் கடைசியாக 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமையில் கண்டார்கள். 2011 ஜூனில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்தே துடைத்தெறிந்த இரண்டாவது நோய். அன்று நம் செய்தித்தாள்களில் அது எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

ஆட்டுக்கொல்லிக்கு இப்போது நம்மிடமே தடுப்பூசி உண்டு. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு ஊசியை உருவாக்கியது. முக்தேஸ்வரிலும் இன்னொன்று செய்தார்கள். 2030க்குள் உலகம் முழுவதும் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பது இலக்கு. அதற்கும் ஊசியைவிடத் தேடல்தான் கடினமான பகுதியாக இருக்கும்.

இயற்கை எதிரியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவுக்குத் தேரைகளைக் கொண்டுபோனார்கள். வண்டு அப்படியே இருந்தது, தேரைதான் நாட்டைப் பிடித்துக்கொண்டது. வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் தின்னும் ஒன்றை இப்படி விடுவது விஞ்ஞானம் இல்லை, சூதாட்டம். ஒரே இனத்தில் மட்டும் வாழக்கூடிய ஒட்டுண்ணியைத் தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும் மாதக்கணக்கில் நடக்கும் வேலை. பூச்சி பரவும்போது ஏன் தாமதம் என்று விவசாயி கேட்பது நியாயம். தாமதிப்பதும் நியாயம். இரண்டுக்கும் நடுவே நிற்கிற அதிகாரியை நான் பொறாமையோடு பார்ப்பதில்லை.

அந்த ஆப்பிரிக்க மரவள்ளிப் பூச்சி 2020இல் கேரளத்தில் திருச்சூரில் வந்திறங்கியது. அங்கிருந்து சேலம், நாமக்கல், தருமபுரிக் குச்சிக்கிழங்குத் தோட்டங்களுக்கு வர எத்தனை நாள் வேண்டும்? விதைக்கரணை லாரியில் வருகிறதே! ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் அந்தக் கிழங்கை நம்பி இருக்கின்றன. இந்த முறை பூச்சியைத் தெரிந்த ஆள் இருந்ததால் வழியும் தெரிந்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் உள்ள அதே பன்னாட்டு நிறுவனத்தின் நிலையத்திலிருந்து லோபெசி குளவியை 2021இல் பெங்களூருக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பராகுவேயில் பெல்லோட்டி கண்டெடுத்த குளவியின் வழித்தோன்றல்தான் அது.

தென்னைக்காரர்கள் கேட்பார்கள், எங்கள் வெள்ளை ஈக்கு என்ன வழி என்று. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈக்கு எதிரான என்கார்சியா என்ற குளவி ஏற்கனவே இங்கே இருந்தது. மருந்து அடிக்காமல் விட்டால் அது பெருகும் என்பதுதான் விஞ்ஞானிகள் சொன்ன முதல் ஆலோசனை. கருத்துப்போன மட்டையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இரு என்றால் யார் கேட்பார்கள்? மருந்துக்கடையில் யாரும் அப்படிச் சொல்லியனுப்புவதில்லை.

இங்கேதான் பணத்தின் பேச்சு வருகிறது. ஒருமுறை விட்டால் தானே பெருகித் தானே பறந்துபோகும் குளவியைப் புட்டியில் அடைத்து இரண்டாவது முறை விற்க முடியாது. ஒழிந்துபோன நோய்க்கு ஊசி விற்க முடியாது. இந்தப் பூச்சிக்குப் பெயர் இது என்று எழுதிய கட்டுரைக்கு உரிமத்தொகை கிடையாது. ஆகவே தனியார் கம்பெனி இதைச் செய்யாது, செய்யவில்லையே என்று அவர்களைத் திட்டுவதிலும் பொருளில்லை. அரசுப் பணத்தில்தான் இது நடக்கும், இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. முக்தேஸ்வர், இராணிப்பேட்டை, பெங்களூர், இபாடான், முகுகா, லண்டன் அருங்காட்சியகம், எல்லாமே பொதுப்பணம்.

ஆனால் பூச்சிகளைப் பெயரறிந்து பிரிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலிக்கு வேறு துறையில் ஆள் எடுக்கிறார்கள். மாணவன் இந்தத் துறைக்கு வந்தால், அவனுடைய கட்டுரையைப் பத்துப் பேர்கூட மேற்கோள் காட்டமாட்டார்கள், அதனால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். டி.என்.ஏ. வரிசையைப் படித்து விரைவாகப் பெயர் சொல்லிவிடலாமே என்பார்கள். சொல்லலாம், நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த வரிசையை ஒப்பிட, ஏற்கனவே ஒருவர் தகட்டில் ஒட்டிப் பார்த்துப் பெயரிட்ட மாதிரி எங்கேயோ பெட்டியில் இருந்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களின் பூச்சிச் சேகரிப்புகளைப் பராமரிக்க ஒதுக்கும் தொகையைத் துணைவேந்தர்கள் ஒருமுறை விழா மேடைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

முன்வரிசையில் இருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதுவரை பார்க்காத பூச்சி ஒன்றைத் தோட்டத்தில் பார்த்தால், மருந்துக்கடைக்குக் கொண்டுபோகும் முன் பத்துப் பதினைந்து பூச்சிகளை நசுக்காமல், ஒட்டியிருக்கும் இலைத்துண்டோடு வெட்டி, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். பென்சிலால் ஒரு சீட்டெழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், மை கரைந்துவிடும். என்ன செடி, எந்த ஊர், எந்தத் தேதி, எறும்பு இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். வாங்க ஆளில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தப் பெயரில்லாத குப்பியை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.